அட்டை இங்கே, தட்டு எங்கே

காலை ஆறு மணிக்குச் சற்று முன்பே ரயில் கொழும்பு கோட்டை நிலையத்தை விட்டு நகர்ந்தது. என் மடியில் ஒரு தலையணை உறை இருந்தது. உறைக்குள் இரண்டு துவாய், துவாய்களுக்கு நடுவே ஓர் இசைத்தட்டு. காலடியில் வைத்தால் யாராவது உதைப்பார்கள், மேலே சாமான் பலகையில் வைத்தால் யாராவது அதன்மேல் அரிசி மூட்டையை ஏற்றுவார்கள். ஆகவே ஹற்றன் வரைக்குமான நூற்றெழுபத்து மூன்று கிலோமீற்றரும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போவதென்று முடிவு செய்திருந்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி றாகமை வரை பொறுத்துப் பார்த்தார். நாவலப்பிட்டியில் மகள் வீட்டுக்குப் போகிறவர்.

"கேக்கா மிஸ்?"

"இல்லங்க, ரெக்கார்ட். பழைய பாட்டுத் தட்டு."

"யாரு பாடுனது?"

"உள்ள இருக்கிறது யாரோ. வெளிய அட்டையில இருக்கிறது எங்க அம்மா."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாசகர்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவின் பெயர் கமலம். லிந்துலைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். கல்யாணமாகிக் கொழும்புக்கு வருவதற்கு முன்னால், தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் எழுதிய தாலாட்டை ஒரு ரெக்கார்டில் பாடினார். கொழும்பில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்து, கொஞ்சம் பிரதிகள் மட்டும் அடித்தார்களாம். அம்மாவிடமிருந்த பிரதி எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தபோது வீட்டோடு போயிற்று. அப்போது எனக்கு நாலு வயது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா பாடி நான் கேட்டதில்லை.

அந்தத் தட்டைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் சொந்தத்தில் யாரும் மிஞ்சவில்லை. ஆகவே அது ஒரு பகிடியாகிவிட்டது. அம்மாவை 'ரெக்கார்ட் கமலம்' என்பார்கள். அம்மாவும் விட மாட்டார், வாய்க்கு வாய் கொடுப்பார். இரண்டு வருடங்களுக்கு முன்பு தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவருக்கு மூச்சுக் காற்றில் பேசும் குரல்தான் மிச்சம். போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில், அம்மாவின் தம்பி சுந்தரம் மாமா, பந்தி நிறைய ஆட்கள் இருக்கும்போது, "அக்கா ஒரு பாட்டு எடுத்து விடு, அந்த ரெக்கார்ட் பாட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். பதில் சொல்லக் குரல் இல்லாதவரிடம் கேலி பேசுவதைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தட்டைக் கொண்டுவந்து மாமாவின் காதில் போட்டுக் காட்டுவதென்று அங்கேயே, இலை எடுப்பதற்குள், முடிவு செய்துவிட்டேன்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் புறக்கோட்டை நடைபாதைகளில் பழைய ரெக்கார்ட் விற்கிறவர்களிடம் குந்தியிருந்து கிளறத் தொடங்கினேன். ஐந்து மாதத்தில் எனக்குத் தூசித் தும்மல் நிரந்தரமாயிற்று. பிறகு ஒரு நாள் வெளுத்த பச்சை நிறத்தில் ஓர் அட்டை கையில் வந்தது. இரட்டைப் பின்னல், ஒலிவாங்கிக்கு முன்னால் விறைப்பாக நிற்கும் ஒரு பெண். 'கூடைத் தாலாட்டு, பாடியவர் செல்வி கமலம்.' அம்மாவின் மூக்கு. என் மூக்கும் அதுதான். நடைபாதையிலேயே அழுதேன். விற்கிறவர் பயந்துபோய் விலையைக் குறைத்தார்.

வீட்டுக்கு வந்து தட்டை வெளியே எடுத்தால், சிவப்பு லேபிளில் 'நத்தார் கீதங்கள்' என்று இருந்தது. ஆம்பிளைகள் கூட்டமாக ஆர்மோனியத்தோடு பாடுகிற கிறிஸ்மஸ் பாட்டுகள். அட்டை எங்களுடையது, தட்டு வேறு யாருடையதோ. மாமாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "அட்டையில பேரு போட்டா பாட்டு ஆயிருமா? தட்டு எங்க?" என்று பதில் வந்தது.

அம்மா அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "லேபிளுக்குக் காசு பத்தல. தட்டு நடுவுல வெள்ளையா விட்டுட்டாங்க. அட்டையில மட்டுந்தான் பேரு" என்று காற்றுக் குரலில் சொன்னார். அதாவது அட்டையைப் பிரிந்துவிட்டால் அந்தத் தட்டுக்குப் பெயரே இல்லை. நடைபாதையில் அது என் கைக்கு வந்திருந்தாலும் நான் தள்ளி வைத்திருப்பேன். இரண்டு நாள் யோசித்ததில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. நத்தார் தட்டு அம்மாவின் அட்டைக்குள் இருக்கிறதென்றால், அம்மாவின் தட்டு நத்தார் அட்டைக்குள் இருக்க வேண்டும். யாரோ இரண்டையும் போட்டுக் கேட்டுவிட்டு மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் தேட வேண்டியது தாலாட்டை அல்ல, கிறிஸ்மஸை. விற்றவரிடம் திரும்பப் போய்க் கேட்டதில், அந்தக் கட்டு ஹற்றனில் ஒரு போத்தல் பேப்பர் வியாபாரியிடமிருந்து வந்தது என்றார். ஆடி மாதத்தில் மூன்று நாள் லீவு எடுத்தேன்.

கடிகண்ணாவை ஏற்றத்தில் ரயில் முக்கிக்கொண்டு ஏறியது. நாவலப்பிட்டியில் எதிர்ப் பெண்மணி இறங்கும்போது, "அம்மா கெடைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தட்டைத்தான் சொன்னார். அதற்கப்புறம் தேயிலை, மூடுபனி, இடையிடையே கோயில் கோபுரம். ஹற்றனில் இறங்கியபோது நண்பகல். மழை தூறிக்கொண்டிருந்தது. உறையை ரெயின்கோட்டுக்குள் விட்டுக்கொண்டு நடந்தேன். பிள்ளைத்தாச்சி என்று நினைத்து ஒருவர் வழிவிட்டார்.

மாமாவுக்கு டவுனில் சப்பாத்துக் கடை. தங்குவது அவர் வீட்டில்தான், வேறு வழியில்லை. நல்ல மனுஷர், வாய்தான் அடங்காது.

"ரெக்கார்ட தேடி லீவு போட்டு வந்திருக்கியாம்மா? அக்கா கோயில் பஜனையில பாடியிருக்கும். அத யாராச்சும் டேப்ல புடிச்சிருப்பாங்க. நான் சின்னப் புள்ள, எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா ரெக்கார்ட்னா வீட்டுல பேச்சு இருந்திருக்கும்ல?"

"ஞாபகம் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க மாமா. நடக்கலன்னு சொல்லாதீங்க."

மாமி சோற்றுக் கரண்டியை நடுவில் நீட்டிப் பேச்சை மாற்றினார்.

சாயங்காலம் பஸ் நிலையத்துக்குக் கீழே உள்ள சந்தில் போத்தல் பேப்பர் கடையைக் கண்டுபிடித்தேன். தராசு, போத்தல் குவியல், பழைய தகரம். வியாபாரி தங்கவேலு ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பழைய ரெக்கார்ட் தேடி வந்திருக்கேன்."

"எந்தத் தோட்டம்மா? அப்பா பேரு என்னா?"

"அப்பா பேரு எதுக்குங்க?"

"பேரச் சொன்னாத்தானே தேடலாம். பொறந்த பதிவா, தாத்தா வந்த பதிவா? அதெல்லாம் எங்கிட்ட வராதும்மா. தோட்டத்து ஆபீஸ்ல கேளுங்க. அங்க இல்லாட்டி கவர்மென்ட் கச்சேரிக்குத்தான் போவணும்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்த ஊரில் 'பழைய ரெக்கார்ட்' என்றால் பாட்டு இல்லை. பிறந்ததற்கு, இந்த நாட்டில் இருந்ததற்கு, பேர் பதிந்ததற்கு ஒரு தாள். அடையாள அட்டை எடுக்க, பிரஜாவுரிமை காட்ட, சேமலாப நிதி வாங்க என்று தலைமுறை தலைமுறையாக அந்தத் தாளைத் தேடி ஆபீஸ் வாசல்களில் நின்றவர்கள். வெளியூரிலிருந்து ஒருத்தி வந்து 'ரெக்கார்ட்' என்றால் அவர் வேறு என்ன நினைப்பார்? யோசித்தால், நான் தேடி வந்ததும் அதிலிருந்து ரொம்பத் தூரமில்லை.

"பாட்டுக் கேக்கிற ரெக்கார்ட்ண்ணே" என்று உறையை அவிழ்த்துக் காட்டினேன்.

"பிளேட்டா? மொதல்லயே பிளேட்டுன்னு சொல்றதில்லயா." அட்டையைப் பார்த்ததும் தலையாட்டினார். "இந்தக் கட்டு லிந்துலையில டீச்சர் வீட்டுல எடுத்தது. புருஷன் கிளாக்கரா இருந்தவரு, தவறிட்டாரு. பொட்டியோட எடுத்து கொழும்புக்கு அனுப்பிட்டேன்."

"இதுல நத்தார்ப் பாட்டு அட்டை ஒண்ணு இருந்துச்சா?"

"நான் நிறுத்து எடுக்குறவன்மா. பாத்து எடுக்குறவன் இல்ல."

மறுநாள் காலை தலவாக்கலை பஸ். கொட்டகலை தாண்டியதும் டெவன், சென் கிளயர் இரண்டு அருவிகளும் ஆடி மழையில் பொங்கிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து படம் எடுத்தார்கள், மற்றப் பாதிப் பேர் தூங்கினார்கள். தூங்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள். தலவாக்கலையில் பஸ் மாறி லிந்துலைக்கு இன்னும் ஐந்து கிலோமீற்றர். டவுனில் "டீச்சர் வீடு" என்றதும் மூன்று பேர் மூன்று வீட்டைக் காட்டினார்கள். "புருஷன் கிளாக்கர்" என்றதும் ஒரே வீடாயிற்று.

ஞானம் டீச்சர் ஓய்வுபெற்றுப் பல வருடங்கள் ஆகியும் வாசலில் நிற்கிறவரை வகுப்பு வாசலில் நிற்கிறவராகத்தான் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். அட்டையைக் கொடுத்ததும் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது எங்க வீட்டுப் பிளேட்டு. கூடைத் தாலாட்டு. எங்க வீட்டு ஐயா வாங்கினது. நல்ல கொரல். சொல்லு ஒண்ணும் ஞாபகம் இல்ல, கொரல் மட்டும் ஞாபகம் இருக்கு."

அம்மாவின் குரலைக் கேட்டேன் என்று ஒருவர் சொல்லக் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நாற்பத்தாறு வயதில் எனக்கு வந்த பொறாமையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

"உள்ள வேற பிளேட்டு இருக்கு டீச்சர். நத்தார்ப் பாட்டு."

"நாங்க சைவம். எங்க வீட்டுல நத்தார்ப் பாட்டு எப்பிடி வரும்?" என்றார். சொன்ன பிறகு அவராகவே யோசித்தார். "சவரிமுத்து. வட்டகொடைப் பக்கம், ஃபெக்டரியில இருந்தாரு. ஒவ்வொரு நத்தாருக்கும் எங்க பிளேயரையும் கொஞ்சம் பிளேட்டையும் இரவல் கேட்டுத் தூக்கிட்டுப் போவாரு. ஒரு வருஷம் பிளேட்டு மட்டும் திரும்பி வந்துச்சு, பிளேயர் வரல. புள்ளைங்க ஆசைப்படுதுங்கன்னாரு. இவரும் நீயே வச்சிக்கப்பான்னு விட்டுட்டாரு. நான் ஒரு மாசம் இவரோட பேசல."

"பிளேட்டு மாறி வந்தத நீங்க கவனிக்கலயா டீச்சர்?"

"பிளேயரே போயிருச்சே. அப்புறம் எதுல போட்டுக் கவனிக்க?"

கேட்டதும் எனக்கு முழுக் கதையும் விளங்கிவிட்டது. இந்தப் பக்கம் தட்டு இருந்தது, கேட்க வழியில்லை. அந்தப் பக்கம் கேட்க வழியிருந்தது, தட்டில் பேர் இல்லை. நடுவில் ஒரு தப்பு அரை நூற்றாண்டாகச் சுகமாக இருந்திருக்கிறது. சவரிமுத்து காலமாகிவிட்டார் என்றும், மகள் லூர்து அதே தோட்டத்தில் பணிய லயத்தில் இருக்கிறாள் என்றும் டீச்சர் சொன்னார். லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பணிய என்றால் கீழே. மேட்டு லயம் மேலே, பணிய லயம் பள்ளத்தில்.

தலவாக்கலைக்குத் திரும்பி ஓர் ஆட்டோ பிடித்தேன். காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஓட்டியவர் கணேஷ், முப்பது வயதிருக்கும். கொத்மலை மேல் நீர்த்தேக்கத்தைத் தாண்டிப் பூண்டுலோயா வீதியில் ஏறியதும் கேட்டார்.

"பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்களே, என்னாக்கா அது?"

"அட்டை."

"அட்டையா? அத கொழும்புலருந்தா கொண்டாந்தீங்க? இங்க இந்த மழைக்குக் காலக் கீழ வச்சாப் போதும், அதுவா வந்து ஒட்டிக்கும்."

சொன்னதைப் போலவே, வட்டகொடை ரயில் நிலையத்தைக் கடந்து தோட்டத்துப் பாதையில் இறங்கிப் படி வழியே பணிய லயத்துக்கு நடந்து போவதற்குள் இரண்டு அட்டைகள் காலில் ஏறிவிட்டன. கணேஷ் கூடவே வந்து சவர்க்காரத் துண்டால் தேய்த்து எடுத்துவிட்டார். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பழைய தட்டு வாங்கி விற்கிறவர்கள் சிலர் இதைப் படிப்பார்கள், அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்.

லூர்து மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார். மருமகள் எனக்கும் கணேஷுக்கும் சாயத்தண்ணியும் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்து உட்கார வைத்தாள். சுவரில் மாதா படம், மூலையில் அலுமாரி, அலுமாரி மேல் பூப்போட்ட துணி மூடிய ஒரு பெட்டி. துணியின் கீழே பிளேயரின் கால் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ரொட்டியைத் தின்றேன். ருசி தெரியவில்லை.

பின்னேரக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லூர்து வந்தார். என் வயதுதான், என்னைவிட மெலிந்தவர். இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்:

"அது நத்தாருக்கு மட்டுந்தாங்க போடுறது. வருஷத்துல ரெண்டு நாளு. ஊசி தேஞ்சா வேற கெடைக்காது. தலவாக்கலையில ரேடியோ திருத்துற பாஸ் ஒருத்தர் எங்கியோ தேடிப் போட்டுக் குடுத்தது."

"பாக்க மட்டும் விடுவீங்களா?"

உள்ளே போய், பாலன் குடில் பொம்மைகள் வைத்த பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். அட்டையில் நட்சத்திரமும் மூன்று ஒட்டகங்களும். தட்டை உருவினார். நடுவில் வெள்ளை. ஓர் எழுத்தில்லை.

"இது எங்க அம்மா பாடினது" என்று பச்சை அட்டையைப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கொரலுக்கு இப்பிடி ஒரு மொகமா. நான் வயசான ஒரு ஆளுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

"உங்க நத்தார்த் தட்டு இதோ, அப்பிடியே கொண்டாந்திருக்கேன். கீறல் இல்ல. நீங்க இத எடுத்துக்கிட்டு அதக் குடுங்க. வெல கேட்டாலும் குடுப்பேன்."

"எங்ககிட்ட இருக்குறது எங்க நத்தார்ப் பாட்டு தானேங்க" என்றார் லூர்து. விற்க மாட்டேன் என்றோ கோபமாகவோ சொல்லவில்லை. எனக்குத் தெரியாததைச் சொல்லித் தருகிற மாதிரிச் சொன்னார்.

நான் விடுகிற ஆளில்லை. "உங்க தட்ட ஒரு தடவை போட்டுக் கேளுங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன். அதற்குள் அவர் கணவர் அந்தோணி, மகன், பேத்திகள் இரண்டு பேர், பக்கத்து வீட்டுத் தங்கச்சி எல்லோரும் வந்துவிட்டார்கள். லூர்து துணியை நீக்கிச் சிவப்பு லேபிளைப் போட்டார். ஆம்பிளைகள் ஆர்மோனியத்தோடு கம்பீரமாகப் பாடினார்கள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். மூன்றாவது பாட்டில் லூர்துவின் பெரிய பேத்தி, "அப்பாயி, பூசை எப்ப முடியும்?" என்று கேட்டாள். லூர்து ஊசியைத் தூக்கிவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்களுது இல்லிங்க."

பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, ஒங்க அம்மான்னு சொல்றீங்க. இந்த வருஷம் ஆடியிலயே நத்தார் வரட்டும்" என்று வெள்ளைத் தட்டைப் போட்டார்.

முதலில் மழை மாதிரிச் சரசரப்பு. அதற்குள்ளிருந்து ஒரு பெண். கொஞ்சம் பயந்த, கொஞ்சம் கூர்மையான, மேலே போகப் போகத் தைரியமாகும் குரல்.

பனி கொட்டும் மலையில படுக்க ஒரு கூட
பயப்படாத ராசாவே, நானிருக்கேன் கூட

கொழுந்துக் கூடையில் பிள்ளையைக் கிடத்திவிட்டுப் பாடும் பாட்டு. பனி, கூடை, ராஜா. நத்தார் அட்டைக்குள்ளிருந்து வந்தால் வேறு எந்தப் பிள்ளையென்று நினைப்பார்கள்? லயத்தில் பிறந்தால் அந்தப் பாலனும் கூடையில்தான் கிடந்திருப்பார். நான் அழுவதற்குள் அவர்கள் ஏழு பேரும் பாடத் தொடங்கினார்கள். 'நானிருக்கேன் கூட' என்ற இடத்தில் தட்டில் ஒரு கீறல். ஊசி மாட்டிக்கொண்டு அதே வரி மறுபடி வந்தது. ஒருவரும் நிறுத்தவில்லை, சிறுசுகள்கூட அதை இரண்டாம் தடவையும் பாடின. வரி முடிந்த அந்த இடத்தில் லூர்து அலுமாரியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். ஊசி தாண்டி அடுத்த வரிக்குப் போயிற்று.

"அப்பா தட்டுவாரு. இப்ப நாந்தான் தட்டுறது" என்றார், முடிந்ததும். "சத்தமாத் தட்டக்கூடாது. சத்தமாத் தட்டுனா ரெண்டு வரி போயிரும்."

சமையலறை ஜன்னலில்தான் சிக்னல் வரும் என்றார்கள். ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்து அம்மாவை அழைத்தேன். முகம் தெரிந்ததும், லூர்துவிடம் தட்டை மறுபடி போடச் சொல்லிக் கையால் காட்டினேன். ஊசியைப் பற்றி லூர்து ஒரு வார்த்தை பேசவில்லை, போட்டார். ஏழு பேரும் மறுபடி பாடினார்கள். அம்மா அசையாமல் கேட்டார். இரண்டாவது 'நானிருக்கேன் கூட' வந்தபோது புருவத்தைச் சுருக்கினார்.

"அத ரெண்டு தடவ பாடலியே நான்."

"கீறல்மா. அவங்க அப்பிடித்தான் பாடுவாங்க. நத்தாருக்கு. வருஷா வருஷம்."

"வருஷா வருஷமா?"

லூர்து போனுக்கு அருகே குனிந்தார், அம்மாவின் காற்றுக் குரல் கேட்க வேண்டுமே. "ஆமாங்கம்மா. எனக்கு நெனவு தெரிஞ்ச நாளுலருந்து. எம் புள்ளைங்கள இதப் பாடித்தான் தூங்க வச்சேன்."

அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"எத்தன பேரு பாடுறாங்க?"

"ஏழு பேரும்மா."

"நம்ம வீட்டுல ஒருத்தரும் நம்பல. அங்க ஏழு பேரு பாடுறாங்க. பறிச்சிட்டு வந்துறாத."

"அம்மா, இதுக்காகத்தான் நான்..."

"அட்டையையும் குடுத்துரு. பேரில்லாம இருக்கு பாரு, பாவம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆறு மாதம் தும்மித் தும்மித் தேடினது, லீவு, மழை, அட்டை கடித்த கால். அழுகையும் கூடவே வந்ததால் இரண்டையும் யாராலும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. லூர்து முந்தானையால் தட்டைத் துடைத்துப் பச்சை அட்டைக்குள் விட்டார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அம்மா அம்மாவுக்குள் போனார். அந்த அட்டையைப் பாலன் குடில் பெட்டியில் வைக்கவில்லை, மாதா படத்துக்குக் கீழே நிறுத்தி வைத்தார்கள். நட்சத்திரமும் ஒட்டகமும் போட்ட அட்டையில் நத்தார் கீதங்களை வைத்து என்னிடம் கொடுத்தார்கள். இரண்டும் சரியாகச் சேர்ந்துவிட்டன. என் பங்குக்கு வந்தது யாருக்கும் வேண்டாதது.

"வெறும் கையோட அனுப்புறோமேன்னு இருக்குங்க" என்றார் லூர்து. வெறும் கையில்லை. முதல் தடவை போட்டபோதே போனில் முழுவதையும் பதிவு செய்திருந்தேன், ஏழு பேர் குரலோடும், அலுமாரித் தட்டோடும்.

இருட்டுவதற்குள் கணேஷ் என்னைத் தலவாக்கலையில் விட்டார். பேசியதற்குமேல் ஒரு சதம் வாங்கவில்லை. கீறல் விழுந்த அந்த வரியை வழியெல்லாம் அவரும் முணுமுணுத்துக்கொண்டு வந்தார், இரண்டு தடவையாக.

ஹற்றனில் மாமா கடையைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தார். "தட்டு எங்க?" என்றார். போனைத் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன். அவரை எப்படியெல்லாம் மடக்க வேண்டும் என்று ரயிலிலேயே வசனம் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. முதல் வரியிலேயே சோற்றில் இருந்த கை நின்றுவிட்டது.

"இது ரெக்கார்ட் பாட்டா?" என்றார், பாட்டு முடிந்ததும். "இது அக்கா எனக்குப் பாடுறதும்மா. அம்மா மலைக்குப் போனப்புறம், என்னைக் கூடையில போட்டு ஆட்டிக்கிட்டு. எனக்குன்னு பாடுனதுன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்."

மாமி அவர் தோளில் கை வைத்தார். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை.

மூன்றாம் நாள் ரயிலில் இடம் கிடைக்கவில்லை, பேராதனை வரை நின்றுகொண்டே வந்தேன். நத்தார்த் தட்டைச் சாமான் பலகையில் போட்டேன். யாரோ அதன்மேல் கரட் மூட்டையை ஏற்றினார்கள். மலைநாட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அருவி, தேயிலை, பாலம் என்று படமெடுத்துக்கொண்டு வருகிறார்கள். நான் கொண்டுவந்த படம் ஒன்றே ஒன்று: மாதாவுக்குக் கீழே இரட்டைப் பின்னலோடு விறைத்து நிற்கும் என் அம்மா.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பஸ் சத்தமும் மீன் வண்டிச் சத்தமும்தான் வரும். அம்மா ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் போனை வைத்து, காதைப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பேரோடு சேர்ந்து உதடு அசைந்தது. குரல் வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது.

"பயப்படாத ராசாவே, நானிருக்கேன் கூட."

போனில் ஊசி மாட்டிக்கொண்டது. 'அத ரெண்டு தடவ பாடலியே' என்று என்னிடம் வழக்காடியவர், மறுபடி சொன்னார்.

"நானிருக்கேன் கூட."

சொல்லிவிட்டு, உள்ளங்கையால் மேசையை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். பாட்டு அடுத்த வரிக்குப் போயிற்று.